பெர்மாங்கனேட் பாட்டிலின் அடியில் பழுப்புப் படிவு: வடிகட்டினால் போதுமா?

கேள்வி: இரும்பின் அளவைக் கண்டுபிடிக்க எங்கள் ஆய்வகத்தில் 0.02 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் வைத்திருக்கிறோம். தயாரித்த அன்று செறிவைச் சரிபார்த்தபோது, எடை போட்ட சோடியம் ஆக்சலேட்டுக்கு 25.1 மில்லி செலவானது. மூன்று வாரம் கழித்து அதே எடைக்கு 25.8 மில்லி ஆகிறது. பாட்டில் அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருக்கிறது. வடிதாளில் வடிகட்டிவிட்டு இதையே பயன்படுத்தலாமா? பியூரெட்டிலும் (கரைசலை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) கையிலும் ஏறிய கறையை எப்படி எடுப்பது?

பதில்: வடிகட்டலாம், ஆனால் வடிதாளில் வேண்டவே வேண்டாம். வடிகட்டிய பிறகு பழைய செறிவை நம்பவும் வேண்டாம்.

முதலில் அந்த 0.7 மில்லியைப் பார்ப்போம். உங்கள் கரைசல் இப்போது 0.02 மோலார் இல்லை, ஏறக்குறைய 0.0195தான். லேபிளில் இருக்கும் எண்ணை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் சொல்லும் இரும்பின் அளவு உண்மையைவிடக் கிட்டத்தட்ட 2.8 சதவீதம் அதிகமாக வந்திருக்கும். கரைசல் பலவீனமானால் விடையும் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது நேர் எதிர். பலவீனமான கரைசல் அதிகம் செலவாகும், அதிகம் செலவானால் மாதிரியில் இரும்பு நிறைய இருப்பதாகத் தோன்றும். கடந்த மூன்று வார முடிவுகளை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

அடியில் இருக்கும் பழுப்பு, மாங்கனீசு டையாக்சைடு. பெர்மாங்கனேட் தண்ணீரையே ஆக்சிஜனேற்றம் செய்யும் அளவுக்கு ஆற்றல் உள்ளது. ஆனால் அந்த வினை மிக மிக மெதுவாக நடப்பதால்தான் இப்படி ஒரு கரைசலை நம்மால் பாட்டிலில் வைத்திருக்கவே முடிகிறது. அந்த மெதுவான வினையை முடுக்கிவிடுவது இந்தப் பழுப்புத் தூள்தான். பெர்மாங்கனேட் சிதைந்து டையாக்சைடு வருகிறது, வந்த டையாக்சைடு இன்னும் கொஞ்சம் பெர்மாங்கனேட்டைச் சிதைக்கிறது. வெளிச்சமும் சூடும் இதற்குக் கூடவே எண்ணெய் ஊற்றும்.

சரி, முதல் துகள் எங்கிருந்து வந்தது? இரண்டு வழி. கடையில் வாங்கும் உப்பிலேயே, தரமானதாக இருந்தாலும், டையாக்சைடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் இதை எடை போட்டு நேராகத் திட்டக் கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) செய்ய முடியாது. காய்ச்சி வடித்த நீரிலும் கண்ணுக்குத் தெரியாத கரிமப் பொருள் இருக்கும், அது பெர்மாங்கனேட்டோடு வினைபுரிந்து இன்னும் கொஞ்சம் டையாக்சைடைத் தரும்.

எனவே கரைசல் செய்யும்போதே இந்தச் சண்டையை முடித்துவிட வேண்டும். ஒரு லிட்டருக்குக் கணக்குப்படி 3.16 கிராம் வேண்டும், நான் 3.2 எடுப்பேன், எப்படியும் கொஞ்சம் போகும். முழுவதும் கரைந்ததும் மெல்லக் கொதிக்க வைத்துச் சுமார் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். தண்ணீரில் இருந்த கரிமப் பொருள் எல்லாம் அதில் எரிந்து தீர்ந்துவிடும். மூடி வைத்து ஆறவிட்டு, முடிந்தால் ஓரிரவு கழித்து, சின்டர்டு கண்ணாடி வடிகட்டியிலோ (நுண்துளைக் கண்ணாடித் தட்டு உள்ளது) கண்ணாடி இழைப் பஞ்சிலோ வடியுங்கள். வடிதாள் என்பது செல்லுலோஸ், பெர்மாங்கனேட்டுக்கு அது சாப்பாடு. ஊதாக் கரைசல் பட்ட வடிதாளைச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள், பழுப்பாகியிருக்கும். எதை நீக்க வடித்தீர்களோ அதையே தாள் திரும்ப உண்டாக்கிக் கொடுக்கிறது.

வடித்ததைப் பழுப்புக் கண்ணாடி பாட்டிலில், கண்ணாடி மூடி போட்டு, இருட்டில் வையுங்கள். ரப்பர் மூடியும் தக்கையும் கூடாது. இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய கரைசல் தீர்ந்த பாட்டிலை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுப் புதிதாகச் செய்ததை அதிலேயே ஊற்றினேன். உள்சுவரில் மெல்லிய பழுப்புப் படலம் இருந்திருக்கிறது, பாட்டிலும் பழுப்பு நிறம் என்பதால் கண்ணில் படவில்லை. கொதிக்க வைத்தது, வடித்தது எல்லாம் வீண். இப்போதெல்லாம் பாட்டிலை நீர்த்த கந்தக அமிலத்தில் ஆக்சாலிக் அமிலம் கலந்து வெதுவெதுப்பாக ஊற்றிக் கழுவுகிறேன். அப்புறம் தண்ணீரில் நாலைந்து முறை அலசுவேன், ஏனென்றால் மிஞ்சிய ஆக்சாலிக் அமிலமும் பெர்மாங்கனேட்டைத் தின்னும்.

இப்படிச் செய்த கரைசல் மாதக்கணக்கில் நிற்கும். ஆனாலும் வாரம் ஒருமுறை ஆக்சலேட்டோடு சரிபார்ப்பது நல்லது. அடியில் துளி பழுப்பு தெரிந்தால் அன்றே பார்க்க வேண்டும். உங்கள் கையில் இருக்கும் கரைசலையும் கண்ணாடி வடிகட்டியில் வடித்து, சுத்தமான பாட்டிலுக்கு மாற்றி, செறிவைப் புதிதாகக் கண்டுபிடித்து, புது எண்ணும் தேதியும் எழுதிப் பயன்படுத்தலாம். 0.0195 என்பதில் ஒரு குறையும் இல்லை, அது 0.02 என்று நாம் நினைப்பதில்தான் கோளாறு.

சரிபார்க்கும் முறையைப் பற்றியும் கொஞ்சம். 105 முதல் 110 டிகிரியில் உலர்த்திய சோடியம் ஆக்சலேட்டை எடை போட்டு நீர்த்த கந்தக அமிலத்தில் கரையுங்கள். 25 மில்லி செலவாக வேண்டுமென்றால் சுமார் 0.1675 கிராம் போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது, பெர்மாங்கனேட் அதிலிருந்து குளோரினைக் கிளப்பிவிடும். நைட்ரிக் அமிலமும் கூடாது, அதுவே ஒரு ஆக்சிஜனேற்றி. சூடான குடுவையில் முதல் துளி விழுந்ததும் இளஞ்சிவப்பு மறையாமல் அப்படியே நிற்கும், புதிதாகச் செய்பவர்கள் முடிவுநிலை, அதாவது ஆக்சலேட் முழுவதும் தீர்ந்த நிலை, வந்துவிட்டதென்று பதறுவார்கள். பொறுங்கள். அது மறைய அரை நிமிடம்கூட ஆகலாம், அடுத்தது அதைவிடச் சீக்கிரம் மறையும், பிறகு விழவிழ மறைந்துகொண்டே போகும். முதல் துளிகளில் உருவான மாங்கனீசு அயனி வினையூக்கியாகிவிடுவதுதான் காரணம்.

துல்லியம் ரொம்ப முக்கியமென்றால் 1935இல் ஃபௌலர், பிரைட் என்ற இரு வேதியியலாளர்கள் சொன்ன முறை இருக்கிறது: தேவைப்படும் பெர்மாங்கனேட்டில் 90 முதல் 95 சதவீதத்தை அறை வெப்பத்திலேயே வேகமாக விட்டு, நிறம் போகும்வரை காத்திருந்து, 55 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கி மீதியைத் துளித்துளியாக முடிப்பது. ஆரம்பத்திலிருந்தே சூட்டில் வைத்தால் ஆக்சாலிக் அமிலம் கொஞ்சம் தானாகவே வீணாகும். இளஞ்சிவப்பு 30 விநாடி நின்றால் முடிவுநிலை. கரைசலின் நிறம் அடர்த்தியாக இருப்பதால் பியூரெட்டில் திரவப் பரப்பின் கீழ் வளைவு தெரியாது, எனவே மேல் விளிம்பையே தொடக்கத்திலும் முடிவிலும் படியுங்கள்.

கறைக்கு வருவோம். பியூரெட்டில் இருப்பதும் அதே டையாக்சைடுதான். ஹைட்ரஜன் பெராக்சைடை நீர்த்த கந்தக அமிலத்தில் கொஞ்சம் கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு நொடியில் போய்விடும். கைக்கு அந்தக் கலவை வேண்டாம், வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துத் தடவிக் கழுவினால் போதும். அடர் கந்தக அமிலத்தைப் பெர்மாங்கனேட் ஒட்டிய எதிலும் ஊற்றாதீர்கள். அதில் உருவாகும் மாங்கனீசு ஹெப்டாக்சைடு வெடிக்கும். அதே காரணத்துக்காக இல்லை, ஆனால் அதே அக்கறையோடு, உப்புப் பாட்டிலைக் கிளிசரினும் ஆல்கஹாலும் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். தூளின் மேல் கிளிசரின் சிந்தினால் சற்று நேரத்தில் தானாகவே தீப்பிடிக்கும். சிந்திய தூளைக் காகிதத்தால் துடைத்துக் குப்பைக்கூடையில் போடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், நிறையத் தண்ணீரில் கரைத்து, பைசல்ஃபைட் கரைசல் சேர்த்து நிறம் போன பிறகு கழிவுக் கலனில் ஊற்றுங்கள்.