ஆட்டு ஈரல் நீர்க்கட்டித் திரவத்தைக் கல்ச்சர் போட்டால் பாக்டீரியா வளர்கிறது. கட்டிக்குள்ளேயே இருந்ததா, என் கைத்தவறா?

இரண்டுக்கும் வாய்ப்புண்டு. கத்தியால் கீறி, வழிந்ததைப் பாட்டிலில் பிடித்திருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படியென்றால் அந்த பிளேட்டை (கிருமி வளர்த்த தட்டை) வைத்து எதுவும் சொல்ல முடியாது.

எக்கைனோகாக்கஸ் நாடாப்புழுவின் இந்தக் கட்டிக்கு வெளியே ஆட்டின் உடல் கட்டிய நார்ச்சுவர். அதற்குள் அவித்த முட்டை வெள்ளைக்கரு போன்ற, செல் இல்லாத அடுக்கு. அதன் உட்புறம் புழுத்தலைகளை உண்டாக்கும் மெல்லிய படலம். வெள்ளை அடுக்கு விரிசல் விட்டு, ஈரலில் பித்தக்குழாயோடும் நுரையீரலில் மூச்சுக்கிளைக் குழாயோடும் தொடர்பு ஏற்பட்டால் பாக்டீரியாவுக்கு வழி திறந்துவிடும். திரவம் மஞ்சளாகவோ கலங்கலாகவோ இருந்தால் அதைச் சந்தேகியுங்கள். தெளிவாக இருப்பதாலேயே கிருமி இல்லை என்றும் ஆகிவிடாது. உயிருள்ள புழுத்தலை இருந்த கட்டிகளிலும் பாக்டீரியா கிடைத்திருக்கிறது.

ஈரலை வெட்டாமல் ஐஸில் கொண்டுவந்து அன்றே வேலையை முடியுங்கள். முதலில் கட்டியின் மேற்பரப்பை ஸ்வாபால் தேய்த்துத் தனி பிளேட்டில் இடுங்கள். பிறகு 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள், ஈரமாக இருந்தால் தீப்பிடிக்கும். பழுக்கக் காய்ச்சிய ஸ்பேட்டுலாவால் கட்டைவிரல் நக அளவு இடத்தைக் கருக்கி, அதன் நடுவில் 18 கேஜ் ஊசியை இறக்குங்கள். உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் ஊசியைச் சுற்றிப் பீய்ச்சலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். பீய்ச்சிய மாதிரி கல்ச்சருக்கு உதவாது. திரவத்தைச் சென்ட்ரிஃபியூஜில் வேகமாகச் சுழற்றி, அடியில் தங்கியதை பிளட் அகரிலும் மெக்கான்கி அகரிலும் (பாக்டீரியா வளர்க்கும் ஊடகங்கள்) போட்டு 37 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். ஆக்சிஜன் இல்லாத ஜாரிலும் ஒரு பிளட் அகர் வேண்டும். ஒரு சொட்டில் 0.1 சதவீத இயோசின் கலந்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்: செத்த புழுத்தலை சிவக்கும், உயிருள்ளது சிவக்காது.

'மேற்பரப்பு பிளேட் வீண்செலவு' என்று யாராவது கீழே வந்து சொல்வார்கள். குடலைத் திறந்த கத்தியில் ஈ.கோலை இருக்கும்; அதே கத்தி ஈரலையும் தொடும். வெளியிலும் உள்ளேயும் ஒரே வகை பாக்டீரியா காலனி வந்தால் முடிவு சொல்லாதீர்கள். பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) பார்த்தாலும் இதே கதைதான்: சோதனை கிட்டிலேயே பாக்டீரியா டிஎன்ஏ கலந்திருக்கலாம். கட்டித் திரவம் சேர்க்காத வெற்று மாதிரியை ஓட்டிப் பார்க்காமலே 'கட்டிக்குள் தனி நுண்ணுயிர் உலகம்' என்று எழுதிவிடுகிறார்கள், எரிச்சலாக வருகிறது.

ஊசியைக் கையில் குத்திக்கொள்ளாதீர்கள். திரவத்தோடு புழுத்தலையும் உள்ளே போகும், கடும் அலர்ஜியும் வரலாம். மிச்ச ஈரலை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) வைத்துக் கிருமி நீக்குங்கள். நாய்க்குப் போட்டால் அதன் குடலில் புழு வளர்ந்து, முட்டை திரும்ப மேய்ச்சலுக்கே வரும்.