அண்ணாவிடம் இருக்கும் பாஸ்வேர்ட்

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துவிட்டு, அங்கேயே திருநெல்வேலியில் ஒரு டியூட்டரியில் படிப்பிக்கிறேன். 2021 டிசம்பர் 18 அன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க எழுதும் ஜி.ஆர்.ஈ. சோதனையை எழுதினேன். அதற்கு இணையத்தில் கணக்குத் திறந்து காசு கட்டியது டொரண்டோவில் இருக்கும் அண்ணா, பாஸ்வேர்டும் அவரிடம்தான். கணிதத்தில் 166. எழுத்துப் பகுதிக்கு எவ்வளவு என்று சரியாகத் தெரியாது. அப்பாவின் சுகவீனம், பிறகு வேலை என்று விண்ணப்பிக்காமலே காலம் போய்விட்டது. இந்த டிசம்பரோடு புள்ளி காலாவதியாகிறது. அதை வைத்து அமெரிக்காவில் முதுமாணிக்கு விண்ணப்பிக்கலாமா, இல்லை திரும்ப எழுத வேண்டுமா? அண்ணா இப்போது கனடாவில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்.
- வாசகி, கோண்டாவில்

பதில்: பிள்ளை, நீர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜி.ஆர்.ஈ. புள்ளி எழுதிய நாளிலிருந்து ஐந்து வருடம் செல்லும். அதற்குப் பிறகு, சோதனையை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனம் அதை ஒரு பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பாது. விண்ணப்ப முடிவுத் திகதிகள் டிசம்பரிலிருந்தே வரத் தொடங்கும் என்பதால், நவம்பருக்குள் அனுப்பச் சொன்னால் உமது புள்ளி தப்பும். ஆனால் சில துறைகளுக்கு விண்ணப்பிக்கும் நாளில் செல்லுபடியானால் போதும். வேறு சில, படிப்புத் தொடங்கும் நாளிலும் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும். அதை ஒவ்வொரு துறைக்கும் மின்னஞ்சல் போட்டுத்தான் அறியலாம். கொரோனாவுக்குப் பிறகு ஜி.ஆர்.ஈ.யே வேண்டாம் என்று விட்ட துறைகளும் நிறைய. முதலில் அதைப் பாரும். ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலச் சோதனையை அப்போது எழுதியிருந்தால் அதை மறந்துவிடும். அதன் ஆயுள் இரண்டே வருடம்.

சரி, இனி அந்தப் பாஸ்வேர்ட்டுக்கு வருவோம்.

கணிதப் புள்ளி உமக்கு அச்சொட்டாக நினைவிருக்கிறது. எழுத்துப் புள்ளி தெரியவில்லை. ஏன்? கணிதமும் மொழியும் சோதனை முடிந்ததுமே திரையில் தெரிந்துவிடும். எழுத்துப் பகுதியின் புள்ளி சில நாள் கழித்துக் கணக்குக்குள்தான் வரும். அதைத் திறந்து பார்த்தவர் அண்ணா. நீர் இன்றுவரை பார்க்கவில்லை. நாலு வருடத்துக்கு மேல் உமது சொந்தப் புள்ளியை உமது கண்ணால் பார்க்காமல் இருந்திருக்கிறீர். ஏ.எல். பிள்ளைகளுக்கு நிகழ்தகவு படிப்பிக்கிற ஒருவர், "அண்ணா, அந்தப் பாஸ்வேர்ட்டை ஒருக்கால் தாங்கோ" என்று கேட்கவில்லை. எனக்குக் கோபம் வருகிறது பிள்ளை, அதை மறைக்கப்போவதில்லை.

அண்ணா காசு கட்டியதில் ஒரு குறையும் இல்லை. இங்கிருந்து டொலரில் கட்டுவது அப்போது பெரும்பாடு. அடுத்த வருடமே டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதையும் கண்டோம். அண்ணன்மார் பனியில் இரவு வேலை செய்து தங்கைமாரைக் கரைசேர்த்த ஊர் இது. அந்தக் கடமையைச் செய்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் தங்கைக்கும் ஒரு கடமை உண்டு: தன் மனதில் இருப்பதை அண்ணாவிடம் வாய் திறந்து சொல்வது. நீர் படிக்கப் போக நினைப்பது அவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், தங்கை சோதனை எழுதினாள், பிறகு பேசாமல் இருந்துவிட்டாள் என்பதுதான். அப்படிப்பட்ட தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்காமல் அவர் வேறென்ன செய்வார்? ஒரு வீட்டில் பேசாதிருப்பதை மரியாதை என்று நினைக்கிறோம். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார், அவரில் பிழையும் இல்லை.

அப்பாவின் சுகவீனத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவரோடு நின்றீர், நன்று. ஆனால் அந்தக் கணக்கைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு அப்பாவைச் சாட்டாதேயும்.

வருகிற ஞாயிறு மாலை ஆறரைக்கு அண்ணாவுக்கு அழையும். கோடைகாலமென்றால் அங்கே அப்போது காலை ஒன்பது மணி. வேலையில்லாத நாளென்றால் ஆறுதலாகக் கதைப்பார். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிற வேலை வேண்டாம், குரல் கேட்கவேண்டும். முதலில் அவர் கட்டிய காசுக்கு நன்றி சொல்லும்; இத்தனை வருடத்தில் சொல்லியிருக்கமாட்டீர் என்றே நினைக்கிறேன். பிறகு படிக்கப் போக விரும்புவதைச் சொல்லும். கலியாணப் பேச்சை வெட்டவேண்டியதில்லை. படிப்பை ஏற்கிற மாப்பிள்ளையென்றால் பேசுங்கள் என்று சொன்னால் போதும். கடைசியாகப் பாஸ்வேர்ட்டைக் கேளும். கிடைத்த அன்றே கணக்கின் மின்னஞ்சலை உம்முடையதாக மாற்றிவிடும்.

அவர் இழுத்தடித்தால் சண்டை பிடிக்காதேயும், நாள் கடத்தவும் வேண்டாம். உமது கடவுச்சீட்டு விவரங்களோடு ஈ.டி.எஸ்.ஸுக்கு நேரடியாக எழுதி, கணக்கை உமது மின்னஞ்சலுக்கு மாற்றித் தரக் கேளும். சோதனை உமது பெயரில்தான் இருக்கிறது. அதுவும் இழுபட்டால், அல்லது நீர் விரும்பும் துறை படிப்புத் தொடங்கும் நாள் வரை செல்லும் புள்ளியைக் கேட்டால், திரும்ப எழுதும். 2023 செப்டம்பரிலிருந்து அந்தச் சோதனை இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகிறது; நீர் எழுதிய காலத்தில் அது நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட. கட்டணம் 220 டொலர், நம்முடைய காசில் 60,000 ரூபாவுக்கு மேல். டியூட்டரிச் சம்பளத்துக்குப் பெரிய தொகைதான், ஆனாலும் இந்தமுறை அதை நீரே கட்டும். திகதியை எடுத்துவிட்டு அன்றிரவே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லும், அண்ணாவுக்கும் சொல்லும்.