குடல் டாக்டரைப் பார்க்கப் போகுமுன்: சிஸ்டரிடம் சில கேள்விகள்

குழந்தைகளுக்கான குடல், கல்லீரல் நோய் ஓபியில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. டாக்டர் அறைக்குள் போவதற்கு முன்னால் வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

சிஸ்டர், என் ஐந்து வயது மகனுக்கு ஒரு வருடமாக மலச்சிக்கல். அடுத்த வாரம் முதல்முறையாகக் குழந்தைகள் குடல் நிபுணரிடம் போகிறோம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? (நாமக்கல்லிலிருந்து ஒரு அம்மா)

ஒரு வாரம் இருக்கிறது இல்லையா, நல்லது. இன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த நாள் போனான், கெட்டியா, இளக்கமா, அழுதானா, ரத்தம் பட்டதா. கூச்சப்படாமல் போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். "ரொம்பக் கெட்டியா போகுது டாக்டர்" என்று பத்து தடவை சொல்வதை விட அந்த ஒரு போட்டோ அதிகம் சொல்லும். டாக்டர்களிடம் பிரிஸ்டல் அட்டவணை என்று ஒரு படம் இருக்கும். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டை என்றால் 1, வெறும் தண்ணீர் என்றால் 7. உங்கள் மகனுடையது எதுவென்று அதைக் காட்டிக் கேட்பார்கள்.

அடுத்து, பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு. ஐந்து வயதுப் பையனுக்கு அது எதற்கு என்று தோன்றும். பிறந்ததும் போகும் அந்தக் கறுப்பு மலம் எத்தனை மணி நேரத்தில் போனது என்று டாக்டர் கட்டாயம் கேட்பார். பெரும்பாலான குழந்தைகள் முதல் 24 மணி நேரத்திலேயே போய்விடும். 48 மணி நேரம் தாண்டியிருந்தால் குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத பிறவிக் குறையை யோசிக்க வேண்டிவரும். தடுப்பூசி அட்டையையும் கொண்டு போங்கள், பழைய எடைகள் அதில்தான் இருக்கும். இதுவரை கொடுத்த மருந்து பாட்டில்களை, காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "ரோஸ் கலர் சிரப்" என்றால் யாருக்கும் புரியாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான் என்று டம்ளர் கணக்கில் இல்லாமல் மில்லியில் அளந்து எழுதுங்கள். சோறு வேண்டாம் என்று ஓடுகிற பிள்ளைக்கு "பாலாவது குடிக்கட்டும்" என்று அரை லிட்டருக்கு மேல் கொடுக்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மலச்சிக்கலும் ரத்தசோகையும் அங்கே சேர்ந்தே வரும்.

மகனுக்கு ஏழு வயது. ஜட்டியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறான். கேட்டால் தெரியாது என்கிறான். அவன் அப்பா அடிக்கிறார். டாக்டரிடம் இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

முதலில் அடியை நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. அவன் சொல்வது நிஜம், அவனுக்குத் தெரியாது. நாள்கணக்கில் அடக்கி வைத்த மலம் இறுகி அடைத்து நிற்கும். குடல் விரிந்து போய், முட்டுகிற உணர்வே மழுங்கிவிடும். மேலே இருக்கும் இளக்கமான மலம் அந்த அடைப்பின் ஓரமாகக் கசிந்து ஜட்டியில் படும். பல பெற்றோர் இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து, போக்கை நிறுத்தும் மருந்து கொடுத்து இன்னும் கெடுத்துவிடுகிறார்கள்.

இது குடல் டாக்டர்கள் தினமும் பார்க்கிற விஷயம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. போவதற்கு முன் பள்ளிக்கூடக் கழிப்பறையைப் பற்றி அவனிடம் கேட்டு வையுங்கள். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, நாற்றம் என்று காலையிலிருந்து மாலை வரை அடக்குகிற பிள்ளைகள் ஏராளம். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்ப்பார், ஆசனவாயையும் பார்க்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "ஊசி போட மாட்டாங்க" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். சிகிச்சை மாதக்கணக்கில் போகும், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

மாமியார் குழந்தைக்குத் தொக்கம் எடுக்கக் கூட்டிப் போனார். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பதும் உண்டு. டாக்டர் திட்டுவார், சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். திட்டினால் இரண்டு நிமிடம், அவ்வளவுதான். காம்பு வைத்த இடத்தில் கீறல் இருந்தால், ரத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடவே டாக்டர் நேரம் செலவழிக்க வேண்டியிருக்கும். வசம்பு, உரைமருந்து, கிரைப் வாட்டர், நாட்டு மருந்துப் பொடி எதையும் விடாதீர்கள். இரும்புச்சத்து சிரப் கொடுத்தால் மலம் கறுக்கும், பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட மாமியாரையும் அழைத்துப் போவது என் சிபாரிசு. பகலில் பிள்ளையைப் பார்ப்பது அவர்தானே?

பெண்ணுக்கு எடை ஏறவில்லை, வயிறு உப்பல். கோதுமை ஒத்துக்கொள்ளாத நோயாக இருக்கும் என்று டெல்லியில் இருக்கும் அக்கா சொன்னாள். கோதுமையை நிறுத்தி விட்டுப் போகலாமா?

வேண்டாம். அக்கா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். அவர் சொல்லும் நோய்க்குச் சீலியாக் என்று பெயர். அது வட இந்தியாவில் அதிகம், நம் பக்கம் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. சிக்கல் என்னவென்றால், அதற்கான ரத்தப் பரிசோதனை கோதுமைக்கு எதிராக உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. கோதுமையை நிறுத்தினால் அது குறைந்துபோய், நோய் இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரலாம். அப்புறம் திரும்பக் கோதுமை கொடுத்து வாரக்கணக்கில் காத்திருந்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். எனவே சோதனை முடியும்வரை சப்பாத்தி, பிஸ்கட் எல்லாம் வழக்கம்போலவே இருக்கட்டும்.

நோய் உறுதியானால் ரவை, சேமியா, மைதா எல்லாமே கோதுமைதான் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஆனால் அதெல்லாம் பிறகு.

எட்டு வயது. அடிக்கடி தொப்புளைச் சுற்றி வலி. ஸ்கேனில் குடலில் நெறி கட்டியிருக்கிறது என்று வந்திருக்கிறது. தூக்கமே இல்லை சிஸ்டர். (மதுரையிலிருந்து ஒரு அப்பா)

எங்கள் ஓபிக்கு மிக அதிகமாக வந்த காகிதம் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்தான். ஒரு தொந்தரவும் இல்லாத பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுத்தாலும் பலருக்குச் சின்னச் சின்ன நெறிகள் தெரியும். அதை மட்டும் வைத்துக் காசநோய் என்று முடிவு கட்டி ஆறு மாத மருந்தைத் தொடங்கி வந்தவர்களும் உண்டு, எனக்கு அதில் கோபமே வரும்.

டாக்டருக்கு வேண்டியது வேறு தகவல்கள். எடை குறைந்ததா? விட்டுவிட்டுக் காய்ச்சல் உண்டா? வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா? நடுராத்திரி வலியால் எழுந்து உட்காருகிறானா? மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். பச்சை வாந்தி என்றால் அப்பாயிண்ட்மெண்டுக்காகக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால், திங்கட்கிழமை காலையில் மட்டும் வலிக்கிறதா, லீவில் வலிக்கிறதா என்று பாருங்கள். அதற்காக நடிக்கிறான் என்று அர்த்தமில்லை, வலி உண்மையாகவே இருக்கும். போகுமுன் புதிதாக இன்னொரு ஸ்கேன் எடுக்காதீர்கள்.

பேத்திக்கு ஐம்பது நாள். இன்னும் கண் மஞ்சளாக இருக்கிறது, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகிறது. வெயிலில் காட்டுகிறோம். குடல் டாக்டரிடம் மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்திருக்கிறது. (ஒரு தாத்தா)

ஐயா, மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. இன்றே கிளம்புங்கள். சென்னைப் பக்கம் என்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர்ப் பக்கம் என்றால் சிஎம்சி, இல்லையென்றால் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு. இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் நீடித்தாலே, மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபினில் நேரடி வகை எவ்வளவு என்று ரத்தத்தில் பார்த்தாக வேண்டும். கூடவே மலமும் வெளுத்தால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். பித்தம் குடலுக்குப் போக வழி செய்யும் 'கசாய்' என்ற அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். வெயிலில் காட்டி இது சரியாகாது. அழுக்கான டயப்பர் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

எண்டாஸ்கோபிக்கு வெறும் வயிறு என்றால் எவ்வளவு நேரம்?

பொதுவாகச் சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, தண்ணீருக்கு 2. உங்கள் ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டில் வேறு மாதிரி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மாட்டுப்பால் சாப்பாட்டுக் கணக்கில் சேரும். விடியற்காலையில் பாவம் என்று பாட்டி ஒரு வாய் பால் கொடுத்துவிட்டால் அன்றைய நேரமே போச்சு. ஆடுகிற பல் இருந்தாலும், சளி காய்ச்சல் இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

பதினொரு வயது மகள் டாக்டர் முன்னால் வாயே திறப்பதில்லை. நானே எல்லாம் சொல்லிவிடவா?

முதல் ஐந்து நிமிடம் அவளுக்கு விடுங்கள். எங்கே வலிக்கிறது என்று ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி வீட்டிலேயே பழக்குங்கள். பேச வராவிட்டால் ஒரு தாளில் எழுதி அவளே நீட்டட்டும். வயதுக்கு வந்திருந்தால் மாதவிலக்குத் தேதியும் அதில் இருக்கட்டும், அந்த நாட்களில் மட்டும் வலிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

திருவண்ணாமலையிலிருந்து சென்னை வருகிறோம். மலப் பரிசோதனைக்கு வீட்டிலிருந்தே எடுத்து வரலாமா?

எந்தப் பரிசோதனை என்று லேபுக்குப் போன் செய்து கேளுங்கள். சிலவற்றுக்கு ஓரிரு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், சில தாங்கும். மூத்திரம் கலக்கக் கூடாது. டயப்பர் போடுகிற குழந்தை என்றால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அதிலிருந்து லேப் டப்பாவில் எடுங்கள், டயப்பர் ஈரத்தை உறிஞ்சிவிடும். டப்பா மேல் பெயர், தேதி, எடுத்த நேரம் எழுதி ஒட்டுங்கள். பஸ்ஸில் ஜன்னலோர வெயிலில் வைக்காதீர்கள்.