தரம் 8 வகுப்பில் அதிகாரத்தைப் பகிர்வது எப்படி? வன்னி ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (மல்லாவி): விதிகளை நானே எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒருவரும் மதிக்கவில்லை. பிள்ளைகளிடமே விட்டால் வகுப்பு கைமீறிப் போகாதா ரீச்சர்?

பதில்: எதை விடுகிறீர்கள் என்று முதலிலேயே பிரித்துச் சொல்லிவிட்டால் போகாது. அடிதடி, பட்டப்பெயர் சொல்லி நோகடிப்பது, பிறர் பொருளை எடுப்பது ஆகியவற்றில் முடிவு உங்களுடையது. அதில் வாக்கெடுப்பு இல்லை. யார் எங்கே இருப்பது, துப்புரவு முறை, ஒப்படை பிந்தினால் என்ன செய்வது என்பவற்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வாரத்தில் ஒரு பாடவேளையின் பாதி போதும். அவர்களின் முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் இரண்டு வாரம் நடக்கவிடுங்கள். மூன்றாம் நாளே நீங்கள் மாற்றினால், தங்களைக் கேட்டது வெறும் ஒப்புக்குத்தான் என்பது பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு உடனே விளங்கிவிடும்.

ஒன்றை எதிர்பாருங்கள். பிள்ளைகள் முதலில் முன்மொழிவது கடும் தண்டனைகளாகவே இருக்கும்: முழங்காலில் நிற்பது, காசு கட்டுவது. கூலி வேலையில் ஓடும் வீடுகளுக்குக் காசுத் தண்டம் கொடுமை, அதை மறுத்துவிடுங்கள். மற்றவற்றுக்கு, “கெட்டுப்போனதை இது சரியாக்குமா?” என்று கேளுங்கள். வியன்னாவில் பிறந்த உளமருத்துவர் ருடோல்ஃப் டிரைகர்ஸ் வலியுறுத்தியதும் இதுதான்: விளைவு தவறோடு தொடர்புபட்டிருக்க வேண்டும். மேசையில் கிறுக்கியவன் மேசையைத் துடைக்கட்டும். மைதானத்தைச் சுற்றி ஓடுவதால் மேசை துப்புரவாகாது.

கேள்வி (விசுவமடு): “கண்ணை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடியுங்கள் சேர்” என்று பெற்றோரே சொல்கிறார்களே?

பதில்: அவர்கள் சொன்னாலும் உங்களுக்கு அந்த உரிமை இல்லை, தம்பி. இலங்கைக் கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுக்கிறது. ஆசிரியர் அறைந்து மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்துகையையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள்; அதோடு நீங்கள் அடிக்குப் பதிலாகச் செய்வதையும் காட்டுங்கள். பெரும்பாலான தாய்மார் கேட்பது அடியை அல்ல. தங்கள் பிள்ளையைக் கைவிட்டுவிடாத ஒருவரை.

கேள்வி (புதுக்குடியிருப்பு): கதைத்தவர்களின் பெயரை வகுப்புத் தலைவன் எழுதித் தருகிறான். இப்போது அவனோடு யாருமே சேர்வதில்லை.

பதில்: அந்தப் பட்டியலை நாளைக்கே நிறுத்துங்கள். நீங்கள் அவனுக்குக் கொடுத்தது அதிகாரம் அல்ல, காட்டிக்கொடுக்கும் வேலை. கொப்பி சேர்ப்பது, குழு வேலையைத் தொடக்கி வைப்பது போன்ற பொறுப்புகளை மாதாமாதம் எல்லோருக்கும் மாற்றிக் கொடுங்கள். குழப்படி செய்பவனுக்கும் முறை வரட்டும்.

கேள்வி (துணுக்காய்): காலபோக அறுவடை நாட்களில் பலர் பிந்தி வருகிறார்கள், சிலர் வருவதே இல்லை. வெளியே நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். வெளியே நிறுத்தினால் மீதிப் பாடமும் போய்விடும். உள்ளே எடுங்கள், காரணத்தைத் தனியாகக் கேளுங்கள். வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோன பிள்ளையும் வீதியில் நின்று பராக்குப் பார்த்த பிள்ளையும் ஒன்றல்ல. தாய்மார் தனியே நடத்தும் வீடுகள் இங்கே உண்டு. அங்கே மூத்த பிள்ளைக்கு வேலை அதிகம். தவறிய பாடத்தை எப்போது, யாரோடு இருந்து முடிப்பது என்பதை அந்தப் பிள்ளையே சொல்லட்டும். சொன்ன நாளில் முடித்தானா என்று நீங்கள் மறக்காமல் பாருங்கள்.