கைப்பேசியில் மின்னஞ்சலுக்குக் கையொப்பமும் பூட்டும்

ஆண்ட்ராய்டு போனிலேயே மெயிலை என்க்ரிப்ட் செய்ய (பிறர் படிக்க முடியாதபடி பூட்ட) முடியுமா, டிஜிட்டல் கையொப்பமும் அதுவும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைகள்.

இரண்டுக்கும் ஒரு ஜோடி டிஜிட்டல் சாவிகள் வேண்டும்: நீங்கள் மட்டும் வைத்திருக்கும் தனிச் சாவி, மற்றவர்களுக்குக் கொடுக்கும் பொதுச் சாவி. கையொப்பம் உங்கள் தனிச் சாவியால் போடுவது. கடிதம் உங்களிடமிருந்துதான் வந்தது, வழியில் யாரும் திருத்தவில்லை என்பதற்கு அது சான்று, உள்ளடக்கத்தை மறைக்காது. மறைக்க வேண்டுமென்றால் பெறுபவரின் பொதுச் சாவியால் பூட்ட வேண்டும். அவருடைய தனிச் சாவிதான் அதைத் திறக்கும்.

ஆண்ட்ராய்டில் கே-9 மெயில் என்ற மின்னஞ்சல் செயலியையும், சாவிகளை உருவாக்கி வைத்திருக்கும் ஓப்பன்கீசெயின் செயலியையும் நிறுவி இணைத்தால் இரண்டும் நடக்கும். ஐபோனின் மெயில் செயலியில் எஸ்/மைம் என்ற இன்னொரு கையொப்ப, பூட்டு முறை உண்டு, அதற்குத் தனிச் சான்றிதழ் தேவை.

சரி, பலர் சறுக்குவது எங்கே? சாவியைச் சரிபார்க்காமல் நம்புவதில்தான். நண்பரின் பெயரில் யார் வேண்டுமானாலும் சாவி உருவாக்கலாம். தயவுசெய்து அவரைக் கூப்பிட்டு, சாவியின் ‘விரல்ரேகை’யை (சாவியை அடையாளம் காட்டும் குறியீடு, வழக்கமாக எழுத்தும் எண்ணுமாக 40) வாசித்து ஒப்பிடுங்கள். குரல் தெரிந்தவரிடம் ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம், தலைப்பு வரியில் ரகசியம் வேண்டாம். பெரும்பாலும் அது பூட்டப்படாமலே போகும். தனிச் சாவிக்கு இன்றே ஒரு நகல் எடுத்து, போனுக்கு வெளியே வையுங்கள். போன் தொலைந்து நகலும் இல்லையென்றால், பூட்டிய பழைய கடிதங்களை உங்களாலேயே திறக்க முடியாது.