ஞாயிற்றுக்கிழமை வேலியைப் பிடுங்க வேண்டாம்

கேள்வி: முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றின் கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் எழுதுகிறேன். பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் கரைவலை இழுக்கும் கரையில், ஐந்து கிழமைக்கு முன் வெளியூர் முதலாளி ஒருவர் கொங்கிறீற் தூண் நட்டு முள்ளுக்கம்பி அடித்துவிட்டார். உள்ளே உல்லாசப் பயணிகளுக்குக் கபானாக் குடில்கள் கட்டுகிறார். றோட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் பாதை அடைபட்டுவிட்டது. வலை இழுக்கும் இடத்தில் பாதி வேலிக்குள். கேட்டால் ‘என்னட்ட காணி உறுதி இருக்கு’ என்கிறார். விதானையிடமும் பிரதேச செயலகத்திலும் சொன்னோம், அசைவில்லை. வருகிற ஞாயிறு சனம் எல்லாம் சேர்ந்து வேலியைப் பிடுங்கத் தீர்மானித்திருக்கிறோம். சட்டம் எங்கள் பக்கம் நிற்குமா?

பதில்:

தம்பி, நீங்கள் அனுப்பியது ஏழு பக்கக் கடிதம். மேலே இருப்பது அதில் சட்டத்துக்கு வேண்டிய பகுதி மட்டும். 2004 மார்கழியில் கடல் கொண்டுபோனவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 2009இல் கரையை விட்டு ஓடியது, முகாமிலிருந்து திரும்பி வந்து பற்றை வெட்டி வாடி (தொழிற் குடில்) போட்டது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். முதலாளியின் ஆட்கள் உங்கள் பெரியம்மாவோடு கதைத்த விதத்தையும் வாசித்தேன். இதில் எதுவும் மன்றில் உதவாது. பாட்டன் காலக் கதையும் அப்படித்தான். உறுதிகளில் எழுதுகிற பத்து வருட ஆட்சி உரிமை தனியார் காணிக்கு உரியது. அரசுக்கு எதிராக அது ஓடாது. அவருக்கும் ஓடாது, உங்களுக்கும் ஓடாது.

அவருடைய உறுதியோடும் மல்லுக்கட்டாதீர்கள். உறுதி பொய் என்று காட்டப் போனால் மாவட்ட நீதிமன்றத்தில் அது உங்கள் பிள்ளைகளின் காலம்வரை இழுபடும். பழைய கரையோர உறுதிகளில் ‘கிழக்கு: கடல்’ என்று எல்லை போட்டிருப்பார்கள். நொத்தாரிசு தனக்குச் சொன்னதை எழுதினார். கடல் வந்து கையெழுத்துப் போடவில்லை. சரி, உறுதி நூற்றுக்கு நூறு உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவர் தப்பமாட்டார். சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்று 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் சொல்கிறது. களப்புக் கரை என்றால் கணக்கு வேறு, உங்களுக்கு அது தேவையில்லை. அந்த வலயத்துக்குள் கட்டடம் கட்டுவதோ, நிலம் நிரப்புவதோ, கரையின் இயல்பை மாற்றுகிற எந்த வேலையுமோ கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நடக்கக்கூடாது. காணி சொந்தக் காணியாக இருந்தாலும் இதுதான் விதி.

ஆகவே காணி யாருடையது என்பது உங்கள் கேள்வி அல்ல. அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, இருந்தால் அதோடு இணைத்த வரைபடத்தில் வேலி எங்கே நிற்கிறது, என்ன நிபந்தனை போட்டிருக்கிறது, இவ்வளவுதான். ஏழு பக்கத்தில் அனுமதிப்பத்திரம் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திணைக்களத்திடமும் பிரதேச செயலகத்திடமும் அனுமதிப்பத்திரம், வரைபடம், குத்தகை ஏதும் இருந்தால் அதன் பிரதி, மூன்றையும் இன்றே கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். வாயால் சொன்ன முறைப்பாட்டுக்கு அசைவில்லை என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எழுத்தில் கேட்டதற்குத்தான் கோப்புத் திறப்பார்கள்.

இன்னொன்று. 200 மீற்றருக்குள் யாரும் கட்டக்கூடாது என்று சட்டம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்குக்கு அறிவித்த இடைவலயம் அது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்றார்கள். அடுத்த வருடமே அதைத் தளர்த்தினார்கள். இன்றைக்குக் கடலிலிருந்து விடவேண்டிய தூரம் இடத்துக்கு இடம் மாறும். அந்த 200ஐ முறைப்பாட்டில் எழுதினால் எதிர்ப்பக்கச் சட்டத்தரணி அந்த ஒரு பிழையை வைத்தே மற்றதையும் கிழித்துவிடுவார்.

இனி ஞாயிற்றுக்கிழமை. இதற்குத்தான் அவசரமாகப் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் வேலியைப் பிடுங்கினால் திங்கட்கிழமை காலை முதலாளி பொலிஸுக்குப் போவார். காணிப் பிணக்கினால் சமாதானம் குலையப் பார்க்கிறது என்று பொலிஸ் ஆரம்ப நீதிமன்றத்தில் அந்த மன்றின் நடவடிக்கைமுறைச் சட்டத்து 66ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போடும். அந்த வழக்கில் நீதவான் உறுதியை ஆராயமாட்டார். யார் வசம் இருந்தது, முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்று பார்ப்பார். தூண் நட்டு, ஜெனரேற்றர் வைத்து, காவலாளிக்குச் சம்பளம் கொடுத்த ரசீதோடு அவர் நிற்பார். உங்கள் கையில் கடப்பாரை இருக்கும், அதையும் யாராவது வட்ஸ்அப்பில் வீடியோ எடுத்திருப்பார்கள். ‘இவரை மீண்டும் இருத்துங்கள்’ என்று கட்டளை வரும். அனுமதிப்பத்திரமே இல்லாத மனிதர் ஒருவருக்கு நீதிமன்றக் கட்டளை ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்ததாக முடியும். பிறகு எந்த அதிகாரியிடம் போனாலும் ‘வழக்கு நடக்குது தானே’ என்று கையை விரிப்பார். அதற்கு மேலே, ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் சட்டவிரோதக் கூட்டம், சொத்துக்கு நட்டம் விளைவித்தல் என்று குற்ற வழக்கு வேறு. எனக்குத் தெரிந்த ஒரு கரையில் பிடுங்கியது ஒரு மணித்தியாலம். தவணைக்குப் போய்வந்தது நான்கு வருடம். தவணைக்கு ஒரு நாள் தொழில் போனது. கடைசியில் வேலி திரும்ப வந்தது, இந்த முறை மதிலாக.

பிடுங்காமல் அதே ஆரம்ப நீதிமன்ற வாசலால் நீங்களே போகலாம். பாதையைப் பாவிக்கும் உரிமை தடைப்பட்டது என்பதும் அந்தச் சட்டத்தில் காணிப் பிணக்குத்தான், அது 69ஆம் பிரிவு. பொதுப் பாதையை அடைத்ததற்குக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவும் இருக்கிறது. ஐந்து கிழமை போய்விட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் அவர் இருந்து பழகிவிடுவார், மன்றும் அதைப் பார்க்கப் பழகிவிடும். கரைவலைப் பாட்டுக்கு, அதாவது வலை இழுக்கும் கரைத் துண்டுக்கு, யாருடைய பெயரில் கடற்றொழில் திணைக்கள அனுமதி இருக்கிறதோ அவரை முன்னுக்கு நிறுத்துங்கள். சங்கத் தலைவரை அல்ல. வலை வளைத்த பிறகு இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்தவர்கள் இழுக்க இழுக்க ஒருவரை ஒருவர் நோக்கி நகர வேண்டும். நடுவில் ஒரு தூண் நின்றால் மீன் சேரும் வலை மடி கரைக்கு வராது. இதை எழுத்தில் விளக்க வேண்டாம். ஒரு காலையில் இழுக்கும்போது தூணும் கயிறும் ஒரே படத்துக்குள் விழுகிற மாதிரி எடுங்கள். வலையை உழவு இயந்திரம் வைத்து இழுப்பவர் உங்களுக்குள் இருந்தால், அனுமதியில் அதைப்பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

அடுத்ததைத்தான் உங்களுக்குச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் ‘எங்கட 11 வாடிகள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டபடி அதிகாரிகள் ஒருநாள் வந்துவிட்டார்கள் என்று வையுங்கள். நில அளவையாளர் நாடாவைப் பிடிக்கும்போது வேலியோடு நிறுத்தமாட்டார். அரச காணிகளில் உடைமை மீளப் பெறும் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தை நீங்கள் முதலாளிக்கு எதிராகப் பாவிக்கச் சொல்கிறீர்கள். பிரதேச செயலாளர் 30 நாளுக்குக் குறையாத அவகாசம் கொடுத்து அறிவித்தல் ஒட்டுவார், போகாவிட்டால் நீதவான் மன்றுக்குப் போவார். அங்கே நிற்பவர் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: அரசு தந்த செல்லுபடியான பெர்மிட் அல்லது எழுத்து அதிகாரம் இதோ. வேறு எந்த நியாயமும் எடுபடாது. முதலாளி எங்காவது ஒரு குத்தகைக் கடதாசியைத் தேடிக்கொண்டு வருவார், அவருக்கு அதற்கு ஆள் இருக்கிறது. உங்கள் 11 வாடிக்கும் என்ன கடதாசி இருக்கிறது? முறைப்பாடு கொடுத்தவர்களுக்கே முதலில் அறிவித்தல் ஒட்டியதை நான் கண்டிருக்கிறேன். கரையோரச் சட்டத்தில் மீன்பிடித் தொழில், அனுமதிப்பத்திரம் தேவைப்படும் அபிவிருத்தி வேலைக்குள் அடங்காது. அதனால் வலை இழுப்பதில் பிரச்சினையில்லை. கிடுகு வாடிக்கும் ஏதாவது வாதாடலாம். சீமெந்துத் தரை போட்டு, கல்லுக்கட்டி, கோடைக்கு வாடகைக்கும் விட்ட வாடிக்கு நான் என்னத்தைச் சொல்ல?

ஐந்தாம் பக்கத்து ஒரு வரியையும் பார்த்தேன். கோயில் மண்டபத்துக்கு முதலாளி ஓடு வாங்கித் தந்தபோது தலைவர் ‘ஏதோ ஒரு கடிதத்தில்’ ஒப்பமிட்டார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏதோ ஒரு கடிதம்தான் எனக்கு வேண்டும். அது ரசீதாக இருந்தால் நல்லது. ‘சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை’ என்று இருந்தால் அதன் பிரதி இப்போது திணைக்களக் கோப்பில் இருக்கும். பொதுச் சபை கூடித் தலைவருக்கு அந்த அதிகாரம் கொடுக்கவில்லை என்று தீர்மானம் எழுதி, பதிவுத் தபாலில் இந்தக் கிழமையே அனுப்புங்கள். தலைவரோடு சண்டையைப் பிறகு பிடியுங்கள்.

அதிகாரிகளின் முடிவை மன்றில் கேள்விக்குட்படுத்தும் ரீட் மனுப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், அனுமதிப்பத்திரக் கோப்பைப் பார்த்த பிறகு. ஆனால் மாகாண மேல் நீதிமன்றத்தோடு முடியும் என்று நினைக்காதீர்கள். அரச காணி விடயத்தில் மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். பஸ் காசும் சட்டத்தரணி காசும் எத்தனை பேர் கடைசிவரை கட்டுவார்கள் என்று சங்கத்தில் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் தவணைக்கு இரண்டு வான் நிறைய வருவார்கள். மூன்றாம் தவணைக்கு நீங்களும் பொருளாளரும்தான்.

வெளிப்படையாகச் சொன்னால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இணங்கிப் போவேன். கபானாவை உடைப்பிப்பது திணைக்களத்தின் வேலை, அதை அவர்களிடம் எழுத்தில் விடுங்கள். உங்களுக்குத் தேவை இரண்டு: லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) போய்வரக்கூடிய அகலத்தில் பாதை, பாடு முழுவதும் தூண் இல்லாத கரை. பாதையை மறித்ததாக வழக்கு வரும், அனுமதிப்பத்திரத்தையும் தோண்டுவார்கள் என்று தெரிந்தால் அவர் இரண்டையும் தருவார். கட்டி முடிக்க வேண்டிய அவசரம் அவருக்குத்தான். பேச்சைப் பிரதேச செயலாளர் முன்னால் வையுங்கள், வரைபடத்தில் குறித்து எல்லோரும் ஒப்பமிடுங்கள். எழுதும்போது ‘உரிமையாளர்’ என்ற சொல் அவருடைய பெயருக்கு முன்னால் வந்தால் வெட்டச் சொல்லுங்கள். ‘அவருடைய உரிமையை ஏற்காமல்’ என்று ஒரு வரி சேருங்கள். பாதையை அவர் தயவில் ‘அனுமதிக்கிறார்’ என்று எழுதவிட்டால் நாளைக்கு அனுமதியைத் திருப்பி எடுப்பார். ‘இருந்த பாதையைத் திறக்கிறார்’ என்று எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சனம் கூடுவதை நிறுத்த முடியாவிட்டால் கூடட்டும். வேலிக்கு வெளியே நின்று, கடப்பாரை இல்லாமல், பெற்றிசத்தில் ஒப்பம் வாங்குங்கள். அதற்குள் 11 வாடியில் எத்தனைக்குச் சீமெந்துத் தரை போட்டிருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். ஓடு வாங்கியபோது தலைவர் ஒப்பமிட்ட கடிதத்தின் பிரதியும் வேண்டும்.