கேள்வி – பதில்: வேர் உட்பூசணம் சத்தைப் பிடித்து வைக்குமா?

கேள்வி: மணற்பாங்கான நிலம். மழை பெய்தால் போட்ட உரம் அடியில் இறங்கிவிடுகிறது. வேர் உட்பூசணம் இட்டால் நிற்குமா?

பதில்: ஓரளவு நிற்கும். ஆனால் வேருக்குள் குடியேறி வாழும் இந்தப் பூசணம் (‘வேம்’ என்றும் சொல்வார்கள்) சத்தை உண்டாக்குவதில்லை. காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடிப்பது பயறுவகைச் செடியின் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா. பலர் இரண்டையும் ஒன்றென நினைக்கிறார்கள். உட்பூசணம் செடி தரும் சர்க்கரையையும் கொழுப்பையும் வாங்கிக்கொண்டு, வேரிலிருந்து மண்ணுக்குள் இழைகளை அனுப்புகிறது.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் எளிதில் நகராது. வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பது தீர்ந்ததும் அந்த இடம் வெறுமையாகிவிடும். இழைகள் அதைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் செல்லும். வேர்த்தூவி புக முடியாத நுண்துளைகளிலும் புகும். மணிச்சத்து, துத்தநாகம், அம்மோனிய வடிவத் தழைச்சத்து எல்லாம் அந்த வழியாக வேருக்கு வந்து சேர்கின்றன. மழைநீர் இழுத்துப் போகுமுன் சத்து இழைக்குள்ளும் செடிக்குள்ளும் போய்விடுவதால் கசிவு குறைகிறது. மண்துகள்களை இழைகள் பின்னிப் பிடிப்பதால் மணலுக்குக் கொஞ்சம் கட்டும் கிடைக்கும். யூரியா முழுவதையும் ஒரே தவணையில் கொட்டினால் மட்டும் எந்தப் பூசணத்தாலும் காப்பாற்ற முடியாது. பிரித்து இடுங்கள்.

கேள்வி: நாற்றங்காலில் வேம் இட்டேன், வித்தியாசமே தெரியவில்லை. போலியா?

பதில்: போலி என்று முடிவு கட்டுமுன் மண் பரிசோதனை அறிக்கையைப் பாருங்கள். மணிச்சத்து தாராளமாக இருந்தால் செடியே பூசணத்தை உள்ளே சேர்க்காது. சர்க்கரை கொடுத்து வாங்க அதற்கு அவசியமில்லை. அடுத்தது, இட்ட இடம். உயிருள்ள வேரைத் தொட்டால்தான் பூசணம் வளரும். மேலாகத் தூவியது வீண். நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்குக் கீழே 2–3 செ.மீ. ஆழத்தில் இட வேண்டும். பாலித்தீன் பையானால் ஒன்றுக்கு 5–10 கிராம். அதன்பின் நாற்றழுகலுக்கென்று கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லியை ஊற்றினால் இதுவும் அடிபடும்.

கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது; வேரில் தெரியும் வெள்ளை நூல் பெரும்பாலும் வேறு பூசணம். ஆறு வாரம் கழித்து மெல்லிய வேர்களைக் கழுவி, 10 சத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேர் நிறம் வெளுக்கும்வரை கொதிக்க வையுங்கள் (கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்). நன்றாக அலசி, 5 சதம் பேனா மை கலந்த வினிகரில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, சில சொட்டு வினிகர் விட்ட நீரில் இருபது நிமிடம் ஊறப்போடுங்கள். நுண்ணோக்கியில் வேருக்குள் மை ஏறிய இழைகளும் உருண்டைப் பைகளும் தெரிந்தால் பூசணம் பிடித்திருக்கிறது.

கேள்வி: முட்டைக்கோசுக்கும் இடலாமா?

பதில்: வேண்டாம். முட்டைக்கோசு, காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு, பீட்ரூட் ஆகியவை இதோடு கூட்டுச் சேர்வதில்லை. இவற்றுக்குப் பிறகும், நீண்ட தரிசுக்குப் பிறகும் மண்ணில் பூசணம் குறைந்திருக்கும். அடுத்ததாகச் சோளமோ பயறோ போட்டு, உழவைக் குறைத்தால், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பூசணமே பெருகும். பாக்கெட் வாங்கத் தேவையிருக்காது.